ஒரு கார்டின் மதிப்பை எப்படி எடைபோடுவது? டாக்டர் பூமை வைத்துச் சில கேள்வி பதில்கள்

ஹார்த்ஸ்டோன் என்ற டிஜிட்டல் சீட்டாட்டத்தை ஆடுபவர்கள் நாலு பேர் சேர்ந்தால் கட்டாயம் காதில் விழும் கேள்வி, “இந்தக் கார்டு நல்லதா?” புதிதாக வந்தவர்கள் மட்டுமல்ல, வருடக்கணக்கில் ஆடுபவர்களும் புது விரிவாக்கம் வரும்போதெல்லாம் இதையேதான் கேட்கிறார்கள். பொத்தாம்பொதுவாகப் பதில் சொன்னால் எதுவும் மனதில் நிற்காது, அதனால் ஒரே ஒரு கார்டை எடுத்து அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்துவிடலாம். நான் எடுத்திருப்பது டாக்டர் பூம். 2014 டிசம்பரில் ‘கோப்ளின்ஸ் வெர்சஸ் நோம்ஸ்’ விரிவாக்கத்தோடு வந்தது. 2016 ஏப்ரலில் ஸ்டாண்டர்டு முறை (புது விரிவாக்கங்களை மட்டும் வைத்து ஆடுவது) தொடங்கி, அந்த விரிவாக்கம் மொத்தமும் வைல்டுக்கு (பழைய கார்டுகளையும் வைத்து ஆடும் முறை) போகிறவரை இந்தக் கார்டு இல்லாத டெக்கைப் பார்த்தால்தான் ஆச்சரியம். கீழே வரும் மனா விலைகள் எல்லாம் அந்தக் காலத்தவை, பிறகு மாறியிருந்தால் தேவையான இடத்தில் சொல்கிறேன்.

எனக்கு ஹார்த்ஸ்டோனே தெரியாது. இது புரியுமா?

புரியும். பிளிஸார்ட் 2014இல் வெளியிட்ட ஆட்டம் இது. இரண்டு பேர் ஆடுவார்கள், ஆளுக்கு 30 கார்டு கொண்ட டெக், 30 உயிர் உள்ள ஒரு ஹீரோ. மேஜ், வார்லாக், ட்ரூயிடு, பாலடின் என்று ஹீரோக்கள் பல வகை, ஒவ்வொரு வகைக்கும் தனிக் கார்டுகள் உண்டு. முதல் டர்னில் 1 மனா, இரண்டாவதில் 2, இப்படி 10 வரை ஏறும். அந்த மனாவைச் செலவழித்துக் கார்டை இறக்க வேண்டும். மினியன் என்பவை நமக்காகச் சண்டை போடும் கார்டுகள். 4/5 என்றால் தாக்கு 4, உயிர் 5. இறக்கிய மினியன் அடுத்த டர்னில்தான் அடிக்கலாம், சார்ஜ் என்று எழுதியிருந்தால் உடனே அடிக்கலாம். ஒரு பக்கத்தில் 7 மினியனுக்கு மேல் நிற்க முடியாது. சாதாரணக் கார்டுகளை டெக்கில் இரண்டு வைக்கலாம், லெஜண்டரி என்றால் ஒன்றுதான். இவ்வளவு போதும்.

சரி, டாக்டர் பூம் என்ன செய்யும்?

7 மனா, 7/7, லெஜண்டரி. எந்த ஹீரோவும் பயன்படுத்தலாம். இறக்கியவுடன் இரண்டு பூம் பாட் கூடவே வரும். ஒவ்வொன்றும் 1/1. ஒரு பாட் செத்தால் எதிராளியின் மினியன்கள், ஹீரோ இவர்களில் யாரோ ஒருவர்மேல் 1 முதல் 4 வரை அடி விழும். யார்மேல், எவ்வளவு என்பது குலுக்கல். சராசரி 2.5, ஆக இரண்டு பாட்டும் சேர்ந்து 5 அடி.

தாக்கையும் உயிரையும் கூட்டி மனாவோடு ஒப்பிட்டால் மதிப்பு தெரிந்துவிடுமே?

தொடக்கத்துக்கு நல்ல கணக்குதான், அதைப் பழகிக்கொள்ளுங்கள். வேறு எந்தத் திறமையும் இல்லாத மினியனுக்கு மனாவை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டினால் வரும் எண்தான் நியாயமான மொத்தம். ரிவர் க்ராகலிஸ்க் 2 மனாவுக்கு 2/3, மொத்தம் 5. சில்விண்ட் யெட்டி 4 மனாவுக்கு 4/5, மொத்தம் 9. போல்டர்ஃபிஸ்ட் ஓகர் 6 மனாவுக்கு 6/7, மொத்தம் 13. இதற்குக் குறைந்தால் அந்தக் குறைவை ஈடுகட்ட வேறு ஏதாவது அந்தக் கார்டு செய்தாக வேண்டும்.

இந்த அளவுகோலில் 7 மனாவுக்கு 15 இருக்க வேண்டும். ஆட்டத்தில் முதலிலிருந்தே வார் கோலெம் என்று ஒரு கார்டு உண்டு, 7 மனா, 7/7, வேறு எதுவும் கிடையாது. மொத்தம் 14, அதை யாரும் ஆடவில்லை. டாக்டர் பூம் என்பது அதே வார் கோலெம்தான், அதே விலை, அதே உடம்பு, கூடவே இரண்டு பாட் இலவசம். பாட்களின் எண்களையும் சேர்த்தால் 18, அதற்கு மேல் சராசரி 5 அடி வேறு. காகிதத்திலேயே விலைக்கு மீறிய கார்டு என்பது கூட்டலிலேயே தெரிந்துவிடுகிறது.

ஆனால் கூட்டல் ஒரு எல்லைவரைதான் வரும். எண்கள் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்பதை அது பார்க்காது. மாக்மா ரேஜர் 3 மனாவுக்கு 5/1. மொத்தம் 6, நியாய அளவுக்கு ஒன்றுதான் குறைவு. ஆனால் ஒரு உயிர் உள்ள மினியனை மேஜ் தன் ஹீரோ பவரால் (டர்னுக்கு ஒரு முறை பயன்படுத்தக்கூடிய, ஹீரோவின் சொந்தத் திறமை) 2 மனா செலவில், ஒரு கார்டுகூட இழக்காமல் கொன்றுவிடுவார், அதனால்தான் அது மோசமான கார்டுக்கு நிரந்தர உதாரணமாகிவிட்டது. மறுபக்கம் பைலட்டட் ஷ்ரெடரைப் பாருங்கள், பூமோடு அதே விரிவாக்கத்தில் வந்தது. 4 மனாவுக்கு 4/3, மொத்தம் 7, யெட்டியைவிட இரண்டு குறைவு. ஆனால் அது செத்தால் 2 மனா மினியன் ஒன்று குலுக்கலில் வந்து நிற்கும். எதிராளி அதைச் சுத்தமாக அகற்ற இரண்டு முறை வேலை செய்ய வேண்டும். ஷ்ரெடர் வந்தபிறகு யெட்டியை டெக்கில் பார்ப்பதே அரிதாகிவிட்டது.

அப்புறம் எதை வைத்துத்தான் எடைபோடுவது?

ஆட்டத்தில் நான்கு நிலைமைகள் உண்டு. தொடக்கம், சமநிலை, நான் முன்னால் இருப்பது, நான் பின்னால் இருப்பது. ஒரு கார்டைக் கையில் எடுத்தால் இந்த நான்கிலும் அது என்ன செய்யும் என்று கேளுங்கள். முக்கியமாக நான்காவது. முன்னால் இருக்கும்போது எந்தக் கார்டும் நன்றாகத்தான் தெரியும், ஏனென்றால் ஏற்கெனவே ஜெயித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஃப்ராஸ்ட்வுல்ஃப் வார்லார்டு என்று ஒரு கார்டு, 5 மனா 4/4, நம் பக்கம் நிற்கும் மற்ற மினியன் ஒவ்வொன்றுக்கும் +1/+1 ஏறும். நாலு மினியன் நிற்கும்போது இறக்கினால் 8/8, பார்க்கவே பிரமாதம். ஆனால் நம்முடைய நாலு மினியன் உயிரோடு நிற்கிறதென்றால் அந்த ஆட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. போர்டு, அதாவது மினியன்கள் நிற்கும் களம், காலியாக இருக்கும்போது அதே கார்டு 5 மனாவுக்கு வெறும் 4/4. புதியவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த வகைக் கார்டுகளில்தான். 8/8 ஆன அந்த ஒரு ஆட்டம் நினைவில் நிற்கும், கையிலேயே கிடந்த பத்து ஆட்டம் நினைவில் நிற்காது.

இப்போது பூமை இதில் நிறுத்திப் பாருங்கள். தொடக்கத்தில் சுத்தமாகப் பயனில்லை, 7 மனா வரும்வரை கையில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். சமநிலையில் மிக நன்று, காலி போர்டில் ஒரே கார்டில் மூன்று உடம்பு. முன்னால் இருந்தால் ஆட்டத்தை முடிக்கும். பின்னால் இருந்தால்?

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பின்தங்குவதில் இரண்டு வகை இருக்கிறது, பலர் இதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒன்று போர்டில் பின்தங்குவது, அதாவது எதிராளியின் மினியன்கள் நிற்கின்றன, நம்முடையவை இல்லை, ஆனால் நம் உயிர் இன்னும் 18, 20 இருக்கிறது. இதில் பூம் அபாரமாக வேலை செய்யும். எதிராளி பாட்களைத் தொட்டால் அவர் பக்கமே வெடிக்கும், தொடாவிட்டால் அடுத்த டர்ன் நாமே கொண்டுபோய் மோதி வெடிக்கவைப்போம், நடுவில் 7/7 வேறு நிற்கிறது. இன்னொன்று உயிரில் பின்தங்குவது. நம்மிடம் 6 உயிர், எதிராளியிடம் அடிக்கும் டெக். இதில் பூம் கைகொடுக்காது. அதற்கு டாண்ட் கிடையாது, அதாவது முதலில் என்னை அடி என்று எதிராளியைக் கட்டாயப்படுத்தும் தன்மை இல்லை. எதிராளி பூமைத் தாண்டி நேராக நம் முகத்தில் அடித்து முடித்துவிடுவார். அந்த நிலையில் தேவை ரெனோ ஜாக்சன் மாதிரி ஒரு கார்டு. 2015 நவம்பரில் வந்த 6 மனா 4/6, டெக்கில் எந்தக் கார்டும் இரண்டு தடவை இல்லையென்றால் ஹீரோவின் உயிரை முழுதாக நிரப்பிவிடும்.

ஆக பூம் நான்கில் ஒன்றில் பூஜ்யம், இரண்டில் முழு மதிப்பெண், ஒன்றில் பாதி. இப்படிச் சொல்லத் தெரிந்துவிட்டால் “நல்லதா” என்ற கேள்வியே தேவைப்படாது.

3 மனாவுக்கு பிக் கேம் ஹண்டர் பூமைக் கொன்றுவிடுமே? அப்புறம் என்ன பெரிய கார்டு?

இது அன்றைக்கு எல்லோரும் சொன்ன ஆட்சேபணை, பதில் சொல்லவேண்டிய ஆட்சேபணைதான். பிக் கேம் ஹண்டர் 3 மனா 4/2, இறக்கும்போது தாக்கு 7 அல்லது அதற்கு மேல் உள்ள ஒரு மினியனை அழிக்கும். நம் 7 மனா அவருடைய 3 மனாவிடம் தோற்றது, போதாததற்கு அவருக்கு ஒரு 4/2 நிற்கிறது. உண்மைதான். ஆனால் பாட் இரண்டும் அப்படியே இருக்கின்றன. ஒரு பாட்டை அந்த 4/2வில் மோதினால் அதன் உயிர் 1 ஆகும், பாட் வெடித்ததும் மினியனுக்கும் ஹீரோவுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, மினியன்மேல் விழுந்தால் எந்த எண் வந்தாலும் செத்துவிடும். ஹீரோமேல் விழுந்தால் இரண்டாவது பாட் மோதி முடித்துவிடும், அதன் வெடிப்பும் மிச்சம். அதாவது மோசமான நிலையிலும் கையைவிட்டு எல்லாம் போய்விடுவதில்லை.

கார்டை எடைபோடும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: எதிராளி சரியான பதிலைக் கையில் வைத்திருந்தால் எனக்கு என்ன மிஞ்சும்? வார் கோலெமுக்கு எதுவும் மிஞ்சாது. பூமுக்கு மிஞ்சும். இன்னொன்று, பூம் தருவதை இறக்கிய நொடியிலேயே தந்துவிடுகிறது, அதனால் சைலன்ஸ் (ஒரு மினியனின் திறமையை அழித்துவிடும் விளைவு) போட்டு அதன் வாயை அடைக்க முடியாது. பாட்டுக்குச் சைலன்ஸ் போடலாம், ஆனால் ஒரு 1/1க்குப் போய் ஒரு கார்டைச் செலவழிக்க யாருக்கு மனசு வரும்? சில்வானஸ் என்ற இன்னொரு லெஜண்டரி அப்படியல்ல, செத்த பிறகுதான் எதிராளியின் மினியன் ஒன்றைப் பிடித்து வரும், அதற்கு முன் சைலன்ஸ் பட்டால் வெறும் 5/5.

இதில் இன்னொரு விளைவும் உண்டு, எனக்கு இது பூமின் கதையில் மிக முக்கியமான பகுதி. எல்லோரும் பூம் வைத்ததால் எல்லோரும் ஹண்டரும் வைத்தார்கள். ஹண்டர் எங்கும் இருந்ததால் தாக்கு 7க்கு மேல் உள்ள மற்றப் பெரிய மினியன்களுக்கு வாழ்வே இல்லாமல் போனது, ஏனென்றால் அவை ஹண்டரிடம் சிக்கினால் எதையும் விட்டுச்செல்லாது. ஹண்டரைத் தாங்கும் பெரிய மினியன் பூம்தான் என்றாகி, அதனாலேயே இன்னும் அதிகமாகப் பூம் வைத்தார்கள். ஒரு கார்டின் பலம் தன்னோடு நிற்பதில்லை, பக்கத்தில் இருக்கும் பத்துக் கார்டுகளின் விலையையும் மாற்றிவிடும்.

ஏழாவது டர்ன் வந்தவுடன் இறக்கிவிடலாமா, காத்திருக்கலாமா?

பெரும்பாலும் இறக்கிவிடலாம். ஆனால் இறக்கும் முன் சில விஷயங்களைப் பாருங்கள்.

முதலில் இடம். நம் பக்கம் ஏற்கெனவே 5 மினியன் இருந்தால் பூம் ஆறாவது, ஒரு பாட் ஏழாவது, இரண்டாவது பாட் வராது. 6 இருந்தால் பூம் மட்டும்தான். அதனால் முதலில் சின்ன மினியன்களை மோதவிட்டு இடம் செய்துகொண்டு அப்புறம் பூமை இறக்குங்கள். சாதாரண விஷயம், ஆனால் பரபரப்பில் தவறிவிடும்.

அடுத்து தூண்டில். டெக்கில் பூமும் ராக்னரோஸும் இருக்கிறது என்று வையுங்கள் (ராக்னரோஸ் 8 மனா 8/8, நேரடியாக அடிக்காது, நம் டர்ன் முடியும்போதெல்லாம் எதிராளி பக்கம் யாரோ ஒருவருக்கு 8 அடி கொடுக்கும்). எதிராளி கையில் ஹண்டர் இருப்பதாகச் சந்தேகம். எதை முதலில் இறக்குவது? நான் எப்போதும் பூமைத்தான் சொல்வேன். ஹண்டர் பூம்மேல் போனால் நமக்குப் பாட்களாவது மிஞ்சும், அடுத்த டர்னில் ராக்னரோஸ் நிம்மதியாக நிற்கும். வார்லாக் ஆடினால் நிலைமை வேறு. அங்கே மவுண்டன் ஜயண்ட் (கையில் கார்டு கூடக் கூட விலை குறையும் மினியன்) நாலாவது டர்னிலேயே 8/8ஆக வந்து நிற்கும் வாய்ப்பு உண்டு, ஹண்டர் அதன்மேல் போய்விடும், பூமுக்குப் பாதை தானாகவே திறந்துவிடும்.

மூன்றாவது, வரிசை. அடுத்த டர்னில் அடிக்கும்போது பாட்களை முதலில் மோதவிடுங்கள், பூமும் மற்றவையும் பிறகு. வெடிப்பு எங்கே விழுந்தது என்று தெரிந்தபின் மீதியை முடிவு செய்யலாம். குலுக்கலை முதலில் முடித்துவிட்டு, நம் கையில் இருக்கும் முடிவைக் கடைசிக்கு வைப்பது எந்த டிஜிட்டல் சீட்டாட்டத்திலும் உதவும். இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. எதிராளியிடம் ஒரு பெரிய மினியனும் மூன்று குட்டி மினியன்களும் இருந்து, பெரியதுமேல்தான் வெடிப்பு விழவேண்டும் என்றால், குட்டிகளை முதலில் மற்றவற்றால் அகற்றிவிடுங்கள். ஐந்து இலக்கில் ஒன்றாக இருந்தது இரண்டில் ஒன்றாகிவிடும்.

ஒரு கணக்கு: எதிரே தனியாக ஒரு ஷ்ரெடர், 4/3. ஒரு பாட்டை மோதினால் உயிர் 2 ஆகும். வெடிப்பு அதன்மேல் விழ 50%, விழுந்தால் 2, 3, 4 எது வந்தாலும் சாகும், அதாவது நாலில் மூன்று. ஆக ஒரு பாட்டால் அது சாகும் வாய்ப்பு 37.5%. இதைத் தெரிந்துவைத்திருந்தால் “பாட் பார்த்துக்கொள்ளும்” என்று நம்பிப் பூமை முகத்துக்கு அனுப்பமாட்டீர்கள்.

அப்புறம் 10 மனா வந்துவிட்டால் ப்ரான் ப்ரான்ஸ்பியர்டு. அது 3 மனா 2/4, நிற்கும்வரை நாம் இறக்கும் மினியன்களின் இறக்கும்போதான திறமை இரண்டு முறை நடக்கும். அதோடு பூம் என்றால் நான்கு பாட். அழகான காட்சி, ஆனால் இதற்காகப் பூமை ஏழாவது டர்னிலிருந்து பத்தாவதுவரை கையில் பூட்டிவைக்காதீர்கள்.

எதிராளி பூமை இறக்கிவிட்டார். நான் என்ன செய்ய?

முதலில், உங்கள் கையில் இருக்கும் மினியன்களை அவசரப்பட்டு இறக்காதீர்கள். உங்கள் பக்கம் மினியனே இல்லையென்றால் பாட் வெடித்தால் உங்கள் ஹீரோமேல்தான் விழும், உயிர் நிறைய இருந்தால் அது பெரிய நஷ்டமில்லை. ஹீரோ பவராலோ ஆயுதத்தாலோ பாட்களை முதலில் தட்டிவிட்டு, வெடித்து முடிந்தபின் மினியனை இறக்குங்கள். இந்த ஒரு வரிசையை மாற்றினாலே பூமுக்கு எதிராக நிறைய ஆட்டம் மிச்சமாகும்.

உயிர் 8க்குக் கீழே வந்துவிட்டால் கதை வேறு. இரண்டு பாட்டும் சேர்ந்து அதிகபட்சம் 8 அடி. அந்த 8 வர 16இல் ஒரு வாய்ப்புதான், 7 அல்லது அதற்கு மேல் வர 16இல் மூன்று. ஆனால் உங்கள் உயிர் 5 என்றால் இரண்டையும் ஒரே டர்னில் வெடிக்கவைப்பது ஆபத்து, ஏனென்றால் 5 அல்லது அதற்கு மேல் வர 16இல் பத்து வாய்ப்பு. அப்போது உங்கள் பக்கம் மினியன்கள் நிற்பதுதான் நல்லது, வெடிப்பு பங்குபோட்டுக்கொள்ளும்.

ரோக் ஆடுபவர்களுக்கு ஒன்று. சாப் என்ற கார்டு 2 மனாவுக்கு எதிராளியின் மினியனை அவர் கைக்கே திருப்பி அனுப்பும். பொதுவாக 7 மனா மினியனை 2 மனாவில் திருப்பி அனுப்புவது கொள்ளை லாபம். பூமுக்கு அப்படி இல்லை, அடுத்த டர்னில் அதே பூம் இன்னும் இரண்டு பாட்டோடு வரும். அடுத்த டர்னில் ஆட்டத்தை முடிக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் சாப் போடுங்கள். மேஜின் ஃப்ளேம்ஸ்ட்ரைக் 4 அடி கொடுத்துப் பாட்களைத் துடைக்கும், ஆனால் பூம் 3 உயிரோடு நிற்கும், வெடிப்பும் நடக்கும். ஒரு மினியனைச் சாதுவான சின்னப் பிராணியாக மாற்றிவிடும் ஷாமனின் ஹெக்ஸ், மேஜின் பாலிமார்ஃப் இவற்றைப் பூமுக்கென்று பத்திரமாக வைத்திருப்பது அன்றைக்கு ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது.

அப்படியானால் எல்லா டெக்கிலும் வைக்கலாமா?

வைக்கக்கூடாது. டெக்கில் 30 இடம்தான், ஒரு கார்டை வைத்தால் இன்னொன்று வெளியே போகிறது. அதனால் கேள்வி “பூம் நல்லதா” அல்ல, “நான் எடுக்கப்போகும் கார்டைவிட இந்த டெக்கில் பூம் நல்லதா” என்பதே. ஆறாவது டர்னுக்குள் எதிராளியை முடித்துவிட வேண்டும் என்று கட்டிய வேக டெக்கில் 7 மனாக் கார்டு கையில் வந்தால் அது வெறும் சுமை.

ட்ரூயிடுக்கு நேர்மாறு. இரண்டாவது டர்னில் வைல்டு க்ரோத் போட்டு ஒரு மனா கூட்டிக்கொண்டால் நாலாவது டர்னில் 5 மனா இருக்கும், இன்னர்வேட் அன்றைக்கு அந்த டர்னுக்கு மட்டும் 2 மனா தரும், ஆக நாலாவது டர்னிலேயே பூம். அந்த நேரத்தில் எதிராளியிடம் பதிலே இருக்காது. அதே கார்டு, மூன்று டர்ன் முன்னால் வந்தால் அதன் பெயர் வேறு. (பின்னால் 2017இல் இன்னர்வேட் தருவது 1 மனாவாகவும், 2018இல் வைல்டு க்ரோத்தின் விலை 3 மனாவாகவும் மாற்றப்பட்டது.)

ஒரே ஒரு கார்டு, 30இல் ஒன்று. என் கைக்கு வந்தால்தானே?

சரியான கேள்வி. முதலில் ஆடுபவர் 3 கார்டோடு தொடங்கி, டர்னுக்கு ஒன்றாக எடுத்து, ஏழாவது டர்னில் 10 கார்டு பார்த்திருப்பார். மல்லிகனை (தொடக்கக் கையில் வேண்டாத கார்டுகளைத் திருப்பிப் போட்டு வேறு எடுப்பது) கணக்கில் எடுக்காமல் சொன்னால் பூம் அப்போது கையில் இருக்க வாய்ப்பு மூன்றில் ஒன்று. இரண்டு பிரதி வைக்கும் கார்டு என்றால் அதே 10இல் ஒன்றாவது வர 56%. அதனால் ஒற்றைக் கார்டை நம்பி முழு டெக்கையும் கட்டாதீர்கள், பூம் வராத மூன்றில் இரண்டு ஆட்டத்திலும் அந்த டெக் ஜெயிக்க வேண்டும்.

மல்லிகன் எவ்வளவு மாற்றும் என்பதையும் பாருங்கள். இரண்டு பிரதி உள்ள 1 மனாக் கார்டு முதல் டர்னில் கையில் இருக்க, எதையும் மாற்றாவிட்டால் 25%. அதைத் தேடி மூன்றையும் திருப்பிப் போட்டால் 41%. பூம் முதல் கையிலேயே வந்தால்? ட்ரூயிடாக இருந்து கூடவே மனா கூட்டும் கார்டு இருந்தால் யோசிக்கலாம், மற்ற நேரத்தில் தயங்காமல் திருப்பிப் போடுங்கள்.

புள்ளிவிவரத் தளங்களில் கார்டுக்குக் கார்டு வெற்றி விகிதம் போட்டிருக்கிறதே, அதையே நம்பலாமா?

பார்க்கலாம், ஆனால் எந்த எண் எதைச் சொல்கிறது என்று தெரிந்து பார்க்க வேண்டும். எச்எஸ்ரீப்ளே போன்ற தளத்தில் ஒவ்வொரு கார்டுக்கும் மூன்று எண்கள் இருக்கும்: முதல் கையில் இருந்தபோது, ஆட்டத்தில் எப்போதாவது எடுத்தபோது, இறக்கியபோது.

கடைசி எண்தான் அதிகமாக ஏமாற்றும். லீராய் ஜென்கின்ஸை எடுத்துக்கொள்ளுங்கள், 5 மனா 6/2 சார்ஜ், ஆனால் எதிராளிக்கு இரண்டு 1/1 குட்டி ட்ராகன்களைத் தானமாகக் கொடுத்துவிடும். ஐந்தாவது டர்ன் வந்துவிட்டது என்று யாரும் அதை இறக்கமாட்டார்கள், எதிராளியை அந்த அடியோடு முடிக்க முடியும்போதுதான் இறக்குவார்கள். அப்படியானால் இறக்கிய ஆட்டங்களில் வெற்றி விகிதம் வானத்தில்தான் இருக்கும். அது லீராயின் பெருமை மட்டுமல்ல, எப்போது இறக்குகிறார்கள் என்பதன் விளைவும்கூட. கையிலேயே கிடந்து தோற்ற ஆட்டங்கள் அந்த எண்ணில் இல்லை.

பேட்சஸ் இதற்கு எதிர்த்திசை. 2016 டிசம்பரில் வந்த 1 மனா 1/1, பைரேட் வகை மினியன். வேறு ஏதாவது பைரேட்டை இறக்கினால் இது டெக்கிலிருந்து தானே குதித்து வந்து, சார்ஜ் இருந்ததால் உடனே அடிக்கும். இதைக் கையில் எடுத்துவிட்டால் அந்த இலவசம் போச்சு. அதனால் “எடுத்தபோது” என்ற எண்ணை மட்டும் பார்த்தால் மட்டமான கார்டாகத் தெரியும், ஆனால் எடுக்காத ஆட்டங்களில்தான் அது ஆட்டத்தையே ஆட்டிவைத்தது. 2018 பிப்ரவரியில் அதன் சார்ஜைப் பிடுங்கும்வரை பைரேட் வைக்க முடிந்த டெக்குகள் எல்லாம் அதை வைத்தன.

வெளிவரும் முன்பே கணிக்க முடியுமா?

ஓரளவுக்கு. எங்கே சறுக்குவோம் என்று தெரிந்துகொள்வது நல்லது. 2015 ஆகஸ்டில் வந்த மிஸ்டீரியஸ் சாலஞ்சர் பாலடினுக்கான 6 மனா 6/6, இறக்கும்போது டெக்கில் இருக்கும் சீக்ரெட்களில் (மறைந்திருந்து, எதிராளி குறிப்பிட்ட ஒன்றைச் செய்ததும் தானாக நடக்கும் கார்டுகள்) ஒவ்வொரு வகைக்கும் ஒன்றை எடுத்து நேராகக் களத்தில் வைக்கும். பாலடினின் சீக்ரெட்கள் 1 மனாக் கார்டுகள், தனித்தனியாக ஆடினால் பலவீனமானவை. அதனால் இந்த மட்டமான கார்டுகளை யார் டெக்கில் திணிப்பார்கள் என்று பலர் ஒதுக்கித் தள்ளினார்கள். நடந்தது வேறு. ஒரே டர்னில் 6/6ம் நாலைந்து சீக்ரெட்டும் சேர்ந்து வந்தபோது எதிராளி எதைத் தொட்டாலும் அடிவாங்கினார், டெக்கிலிருந்து பலவீனமான கார்டுகள் வெளியேறியதால் அடுத்தடுத்து எடுக்கும் கார்டுகளும் நல்லவையாக இருந்தன. ஆறில் சாலஞ்சர், ஏழில் பூம், எட்டில் பாலடினின் லெஜண்டரியான டிரியன் ஃபோர்ட்ரிங். அந்த வரிசையை எதிர்த்து ஆடியவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

கணிக்கும்போது, ஒரு கார்டு கேட்கும் விலையைத் தனித்தனிக் கார்டுகளாகப் பார்க்காமல், அந்த விலையைக் கொடுத்த டெக் முழுதாக எப்படி ஓடும் என்று ஆடிப்பாருங்கள். முதல் ஆறு டர்னை மனதுக்குள் ஓட்டிப்பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

பூமைப் பலவீனப்படுத்தியிருக்க வேண்டுமா?

என் கருத்தில் ஆமாம், 2015லேயே. 8 மனா ஆக்கியிருந்தால்கூடப் போதும், சாலஞ்சருக்கு அடுத்து வரும் ஏழாவது டர்ன் காலியாகியிருக்கும். பிளிஸார்ட் அதைத் தொடாமல் 2016 ஏப்ரலில் பூம் ஸ்டாண்டர்டைவிட்டுப் போகும் நேரத்தில் பிக் கேம் ஹண்டரை 3இலிருந்து 5 மனாவாக்கியது. ஹண்டரை மாற்றியது சரி, பெரிய மினியன்களுக்கு மூச்சு வந்தது. ஆனால் நோயை விட்டுவிட்டு அதுவரை காத்திருந்தது சரியில்லை.

ஒரு மனா என்ன செய்யும் என்பதற்கு லீராயே சாட்சி. முதலில் அது 4 மனா. லீராய் 4, பவர் ஓவர்வெல்மிங் 1 (அந்த டர்னுக்கு +4/+4), ஃபேஸ்லெஸ் மேனிப்யுலேட்டர் 5 (இன்னொரு மினியனின் நகலாக மாறும்). கூட்டினால் சரியாக 10 மனா, 10 தாக்குள்ள இரண்டு உடம்பு, இரண்டுக்கும் சார்ஜ், ஒரே டர்னில் 20 அடி. 2014 செப்டம்பரில் லீராய் 5 மனா ஆனது, கணக்கு 11க்குப் போனது, அந்தக் கூட்டணி முடிந்தது. கார்டில் வேறு ஒரு எழுத்துகூட மாறவில்லை.

மற்ற ஆட்டங்களுக்கும் இது பொருந்துமா?

கேள்விகள் பொருந்தும், எண்கள் மாறும். ஹார்த்ஸ்டோனை வழிநடத்திய பென் ப்ரோடு பின்னால் உருவாக்கிய மார்வெல் ஸ்னாப்பில் டெக் 12 கார்டுதான், எல்லாம் ஒற்றைப் பிரதி. 3 கார்டோடு தொடங்கி ஆறு டர்னில் 9 பார்த்துவிடுவீர்கள், அதாவது எந்தக் கார்டும் நாலில் மூன்று ஆட்டத்தில் கைக்கு வரும். அதனால் அங்கே ஒற்றைக் கார்டை நம்பி டெக் கட்டுவது நியாயமானது. ஸ்லே தி ஸ்பயரில் டெக்கின் அளவே நம் முடிவு. தரப்படும் மூன்று கார்டில் எதையும் எடுக்காமல் போகலாம், சுமாரான கார்டைச் சேர்த்தால் ஏற்கெனவே இருக்கும் நல்ல கார்டுகள் தாமதமாக வரும். அங்கே “இதைவிட வெறுங்கை மேல்” என்பதும் ஒரு பதில்.

என்னிடம் 1600 டஸ்ட் இருக்கிறது. லெஜண்டரி ஒன்று செய்யலாமா?

செய்யும் முன் பொறுங்கள். டஸ்ட் என்பது வேண்டாத கார்டுகளை உடைத்தால் கிடைப்பது, அதைக் கொடுத்து வேண்டிய கார்டைச் செய்துகொள்ளலாம். லெஜண்டரி செய்ய 1600, பிடிக்காமல் உடைத்தால் திரும்பக் கிடைப்பது 400. அதே 1600இல் அதற்கு அடுத்த நிலை அரிய கார்டான எபிக் நாலு செய்யலாம், அதற்கும் கீழ்நிலையான ரேர் பதினாறு செய்யலாம். உங்கள் டெக்கில் இரண்டு பிரதி தேவைப்படும் ரேர் கார்டுகள் குறைந்தால் முதலில் அவற்றை நிரப்புங்கள், அவை உங்கள் கைக்கு வரும் ஆட்டங்களின் எண்ணிக்கையே அதிகம். அதற்கு மேலும் மிஞ்சினால், ஒரே டெக்கில் மட்டும் வேலை செய்யும் லெஜண்டரியை விட்டுவிட்டு எந்த ஹீரோவும் பயன்படுத்தக்கூடியதை எடுங்கள். அதிகமாகப் பலமாக இருக்கிறதே, மாற்றிவிடுவார்களோ என்று பயப்படாதீர்கள். கார்டைப் பலவீனப்படுத்தினால் வழக்கமாகச் சில நாட்களுக்கு முழு விலைக்கே உடைத்துக்கொள்ள விடுவார்கள், அந்த நாட்களை மட்டும் தவறவிடாதீர்கள். புது விரிவாக்கம் வந்த முதல் வாரத்தில் எதையும் செய்யாதீர்கள்.